சாலமாண்டர் ஓடைக்குள் இல்லை, ஓரத்தில் இருக்கிறது

அமெரிக்காவின் டென்னசி, வட கரோலைனா மாநிலங்களின் எல்லையில் நீண்டு கிடக்கும் ஸ்மோக்கி மலைகளில், ஏதேனும் ஒரு சிற்றோடையில் நண்பகலில் இறங்கிக் குனிந்து பார்த்தால், கூழாங்கற்களுக்கிடையே விரல் நீளம்கூட இல்லாத, கழுத்தோரம் செவுள் குஞ்சம் வைத்த சிறு உயிர்கள் சட்டென்று நழுவி மறைவதைக் காணலாம். அவை சாலமாண்டர் என்னும் வாலுள்ள இருவாழ்வியின் லார்வாக்கள், அதாவது நீரில் வளரும் இளம்பருவம். சாலமாண்டரைத் தேடி வந்தவர் பெரும்பாலும் இத்தோடு திரும்பிவிடுவார். அதே ஓடைக்கு, மழை விட்ட இரவில், ஒன்பது மணிக்கு மேல் நெற்றி விளக்கோடு வருபவர் காண்பது வேறு. கரைப் பாறைகளின் இடுக்குகளில் இருந்து தலைகள் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நீர் தெறிக்கும் பாசிப் பாறையின் மேல் ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள கறுத்த உடல் ஒன்று அசையாமல் கிடக்கும். கரையை விட்டுப் பத்தடி தள்ளி, நனைந்த சருகின் மேல் சுண்டுவிரலைவிடச் சிறிய பழுப்பு உயிரொன்று நடந்துகொண்டிருக்கும். இவையெல்லாம் வளர்ந்த சாலமாண்டர்கள். ஒரே ஓடை பகலில் வெறுமையாகவும் இரவில் நிறைந்தும் தோன்றுவதன் காரணம் இந்த உயிரின் தோலில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ சாலமாண்டர் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் தவளைகள் ஏராளம். மண்புழுவைப் போலத் தோன்றும் காலில்லாத சிசிலியன்களும் உண்டு. வாலும் நான்கு கால்களும் கொண்ட இருவாழ்வி மட்டும் இல்லை. இந்தியாவுக்குள் அதைப் பார்க்க வேண்டுமானால் டார்ஜிலிங் மலைப்பகுதிக்கோ வடகிழக்கு மாநிலங்களுக்கோ போக வேண்டும். அங்கும் அது மழைக்காலக் குளங்களையும் தேங்கிய நீரையும் நாடி முட்டையிடும் உயிரே தவிர, ஓடைக்கரையில் வாழ்வதற்குப் பேர்பெற்றது அன்று. ஆகவே சாலமாண்டரின் படத்தை முதன்முறை பார்க்கும் நம்மவர் அதை அரணை என்றோ பல்லி என்றோ சொல்வதில் வியப்பில்லை. ஆனால் அரணைக்குச் செதிலும் நகமும் உண்டு, வெயிலும் வேண்டும். ஸ்மோக்கி மலைகளை உள்ளடக்கிய அப்பலாச்சியன் மலைத்தொடரின் சாலமாண்டருக்கோ செதிலும் இல்லை, நகமும் இல்லை, வெயில் பட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த மலைவாசிகளே இவற்றை 'ஊற்றுப் பல்லி' என்று பொருள்படும் ஸ்பிரிங் லிசர்ட் என்ற பெயரால்தான் தலைமுறைகளாக அழைத்து வருகிறார்கள். அந்தப் பெயரில் பல்லி என்பது தவறு. ஊற்று என்பது மிகச் சரி.

1934-இல் நிறுவப்பட்ட கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா ஏறத்தாழ 2,100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. இதற்குள் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 30 சாலமாண்டர் இனங்கள் வாழ்கின்றன. உலகின் சாலமாண்டர் தலைநகரம் என்று இப்பூங்காவைச் சொல்வது வழக்கம். பள்ளத்தாக்குகளில் ஆண்டுக்கு 140 சென்டிமீட்டர் அளவிலும், உயர்ந்த முகடுகளில் 210 சென்டிமீட்டருக்கு மேலும் மழை பெய்கிறது. நிலத்தின் உயரமோ 267 மீட்டரில் தொடங்கி, செரோக்கிப் பழங்குடியினர் வழங்கிய தன் பழைய பெயரை 2024-இல் திரும்பப் பெற்ற குவோஹி சிகரத்தில் 2,025 மீட்டர்வரை போகிறது. பனியுகங்களின்போது வடக்கே இருந்து இறங்கிய பனிப்பாளங்கள் இம்மலைகளை எட்டவில்லை. ஆகவே முகட்டுக்கு முகடு, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு பிரிந்து கிடந்த சாலமாண்டர் கூட்டங்கள் தனித்தனி இனங்களாக மாறுவதற்கு நெடுங்காலம் கிடைத்தது. இந்தப் பிரிதல் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. நூறாண்டுக்கு மேலாக ஒரே இனம் என்று கருதப்பட்ட கருவயிற்றுச் சாலமாண்டரை, 2022-இல் மரபணுச் சான்றுகளின் அடிப்படையில் பல இனங்களாகப் பிரித்தார்கள். அவற்றுள் ஒன்றுக்குச் செரோக்கி மொழியில் கருவயிறு என்று பொருள்படும் தொடரையே அறிவியல் பெயராகச் சூட்டினார்கள். இந்தக் கட்டுரையில் கருவயிற்றுச் சாலமாண்டர் என்று வருமிடமெல்லாம் அந்த முழுக் கூட்டத்தையும் குறிக்கிறது.

பூங்காவின் 30 இனங்களில் 24 இனங்கள் நுரையீரல் இல்லாதவை. நுரையீரல் இல்லையென்றால், உருமாற்றத்தின்போது செவுளும் உதிர்ந்துவிட்ட பிறகு, இவை எதனால் மூச்சு விடுகின்றன? தோலாலும், வாயின் உட்புறச் சவ்வாலும். தோலின் வழியே ஆக்சிஜன் உள்ளே போக வேண்டுமானால் அந்தத் தோல் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். காய்ந்த தோல் இவற்றுக்கு அடைபட்ட மூக்கு. பகல் வெயிலில் வறண்ட காற்றில் சிறிது நேரம் அகப்பட்டாலே இவை நீர் வற்றி மூச்சுத் திணறி இறந்துவிடும். இவற்றுக்குத் தேவை ஆற்றுவெள்ளம் அன்று. காற்றிலும் மண்ணிலும் கல்லுக்கடியிலும் தங்கி நிற்கும் ஈரம். ஓடை முக்கியமாவது அந்த ஈரத்தை ஆண்டு முழுவதும் தன் கரையில் வைத்துக் காப்பதால்தான். லார்வாவுக்கு நீர் வேண்டும், வளர்ந்த உயிருக்கு ஈரம் வேண்டும் என்ற இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், தேடும் இடத்தைப் பற்றிய குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

நுரையீரலை இவை ஏன் இழந்தன என்பதற்கு நீண்ட காலம் செல்வாக்குப் பெற்றிருந்த விளக்கமும் ஓடையைச் சார்ந்ததுதான். காற்று நிறைந்த நுரையீரல் உடலை மிதக்கச் செய்யும். பாய்ந்தோடும் மலையோடையில் மிதக்கும் உடல் அடித்துச் செல்லப்படும். ஆகவே குளிர்ந்த, ஆக்சிஜன் செறிந்த ஓடைகளில் நுரையீரலை விட்டொழித்ததே நன்மையாயிற்று என்று அமெரிக்க விலங்கியலாளர்களான ஐனெஸ் விப்பிள் வைல்டரும் எம்மெட் ரீட் டன்னும் 1920-இல் வாதிட்டனர். பின்னாளில் இதற்கு வலுவான மறுப்புகள் எழுந்தன. வழக்கு இன்னும் முழுதாக முடியவில்லை. அதே 1920-இல் டன் விவரித்த நீலமுகட்டு இரட்டைக்கோட்டுச் சாலமாண்டரின் அறிவியல் பெயரில் வைல்டரின் பெயர் நிலைத்துவிட்டது.

ஓடைக்கரையில் யார் எங்கே இருப்பார் என்பதுதான் இந்த விஷயத்தின் செழிப்பான பகுதி. டெஸ்மோக்னாதஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த சாலமாண்டர்கள், நீரின் நடுவிலிருந்து காட்டுத்தரை வரை, ஏதோ வரிசை போட்டு அமர்ந்தவை போல அமைந்திருக்கின்றன. பாயும் நீருக்கடியிலேயே, கற்களின் கீழ் வாழ்நாளைக் கழிக்கிறது மண்வெட்டி மூக்குச் சாலமாண்டர். நீரும் கரையும் சேருமிடத்தில், ஈரப்பாறை இடுக்குகளைத் தன் உரிமையாக்கிக்கொண்டு காவல் காக்கிறது கருவயிற்றுச் சாலமாண்டர். இது 20 சென்டிமீட்டர்வரை வளரும், தடித்த, முரட்டு உயிர். அதற்குச் சற்று மேலே, நீரோரக் கற்களிலும் கரை வளைகளிலும் இருப்பது சீல் சாலமாண்டர். அது பெரும்பாலும் 15 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. இன்னும் சில அடிகள் தள்ளி, நீர் கசியும் பாறைச் சுவர்களிலும் ஈரச் சருகிலும் இருப்பவை ஓகோயீ சாலமாண்டரும் அதன் நெருங்கிய உறவுகளும். ஓடையை ஏறத்தாழ மறந்தே விட்டு, உயரமான காடுகளின் பாசியிலும் மக்கிய மரங்களின் அடியிலும் வாழ்வது, வால் உட்பட 5 சென்டிமீட்டர் அளவே உள்ள குள்ளச் சாலமாண்டர். அதன் முட்டையிலிருந்து லார்வா வருவதில்லை. கால்களோடு முழு உருவம் பெற்ற குஞ்சே வெளிவருகிறது.

இந்த வரிசையில் ஒரு முரண் இருக்கிறது. சிறிய உடல் விரைவில் காயும்; பெரிய உடல் மெதுவாகக் காயும். அப்படியானால் பெரியவை நீரை விட்டு வெளியே போகவும் சிறியவை நீரோடு ஒட்டியிருக்கவும் வேண்டும். நடப்பதோ நேர்மாறு: பெரியவை நீரில், சிறியவை நிலத்தில். இந்தப் புதிரோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் சூழலியலாளர் நெல்சன் ஹேர்ஸ்டன். தெற்கு அப்பலாச்சியன் மலைச் சாலமாண்டர்களின் பரவலைப் பற்றி 1949-இலேயே எழுதியவர், 1986-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிட்ட இனத்தைச் சில இடங்களிலிருந்து தொடர்ந்து அகற்றி, மற்ற இனங்களின் எண்ணிக்கை அதனால் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். பெரியவை சிறியவற்றைத் தின்கின்றன. சிறியவற்றைக் கரையிலிருந்து காட்டை நோக்கித் தள்ளியதில் இடத்துக்கும் உணவுக்குமான போட்டியோடு இந்த இரையாகும் அச்சத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்பது அவருடைய வாதம். காய்ந்து சாகும் ஆபத்தைவிடக் கடிபட்டுச் சாகும் ஆபத்து பெரிதாக இருந்திருக்கிறது. ஆகவே கரையிடுக்கில் ஒரு பெரிய கருவயிற்றுச் சாலமாண்டரைக் கண்டவர், அந்த இடுக்கைச் சுற்றியே சிறிய இனங்களைத் தேடிக்கொண்டிருப்பது வீண்வேலை. அவை அங்கிருந்து விலகித்தான் இருக்கும்.

நீரிலிருந்து நிலத்துக்குச் செல்லும் இந்த வரிசையைப் பார்த்ததும், பரிணாமமும் இதே வழியில்தான் நடந்திருக்கும், நீர்வாழ் முன்னோரிடமிருந்தே நிலவாழ் குள்ளர்கள் வந்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். முன்பு அப்படித்தான் கருதினார்கள். மரபணு ஆய்வுகளோ, நிலத்தில் வாழும் குள்ளச் சாலமாண்டரின் கிளையே இந்தப் பேரினத்தில் மிக முன்னதாகப் பிரிந்தது என்று காட்டின. கண்ணுக்கு அழகாகத் தெரியும் படிவரிசை காலவரிசையாகவும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

கரையிலிருந்து எவ்வளவு தூரம் வரை தேடலாம் என்பதற்கும் அளந்து பார்த்த விடை இருக்கிறது. ஓடையில் இனப்பெருக்கம் செய்யும் சாலமாண்டர்கள் நிலத்தில் எவ்வளவு தூரம் பரவுகின்றன என்று கிராஃபர்டும் செம்லிட்சும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் 95 விழுக்காடு ஓடையிலிருந்து 27 மீட்டருக்குள் அடங்கிவிடுவதாகக் கணக்கிட்டது. விதிவிலக்காக நின்றது இரட்டைக்கோட்டுச் சாலமாண்டர், அதற்கு 42.6 மீட்டர் வேண்டியிருந்தது. மெலிந்த மஞ்சள் உடலில் முதுகின் இருபுறமும் கருங்கோடு இழுத்தது போன்ற இந்த உயிர், இனப்பெருக்கக் காலத்தில் ஓடைக்கு வந்து நீருக்கடிக் கல்லின் அடிப்புறத்தில் முட்டைகளை ஒட்டிவிட்டு, பின்னர் காட்டுக்குள் போய்விடும். கோடையில் ஓடையோரமெங்கும் தேடிவிட்டு இது இங்கே இல்லை என்று எழுதிவைப்பவர், இது வீட்டில் இல்லாத வேளையில் கதவைத் தட்டியவர்.

ஓடை என்றால் எந்த ஓடை என்பதும் முக்கியம். பெயர் பெற்ற அகன்ற ஆறுகளைவிட, தாண்டிக் குதித்துவிடக்கூடிய அகலமுள்ள, மலைச்சரிவின் உச்சியில் ஊற்றெடுத்து வழியும் பெயரில்லாத சிற்றோடைகளில்தான் சாலமாண்டர்கள் செறிந்திருக்கின்றன. காரணம் மீன்கள். டிரவுட் போன்ற மீன்கள் லார்வாக்களையும் சிறிய வளர்ந்த சாலமாண்டர்களையும் தின்னும். மீன் ஏறி வர முடியாத செங்குத்தான தலைநீரோடைகளில் மீனின் இடத்தைச் சாலமாண்டரே பிடித்துக்கொள்கிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியவை நீர் கசியும் இடங்கள்: பாறைச் சுவரில் மெல்லியதாய் வழிந்து பாசியை நனைத்துக்கொண்டிருக்கும் கசிவுகள், ஓடை தொடங்கும் சேற்று ஊற்றுக்கண், சிற்றருவியின் தெறிநீர் விழும் பாறையோரம். ஓடை நடுவை விட, தட்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே மணலும் வேரும் கொண்ட கரையே நல்ல இடம். சேறு படிந்து இடுக்குகள் அடைபட்ட ஓடையில் கற்கள் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. கல்லுக்கடியில் இடைவெளி இருந்தால்தான் சாலமாண்டருக்கு வீடு.

நேரத்தைப் பொறுத்தவரை விதி எளியது. இரவு, ஈரம், மிதமான குளிர் ஆகிய மூன்றும் சேர வேண்டும். மழைக்குப் பின் காற்றடங்கிய, கையில் சில்லென்று உணரக்கூடிய இரவுகளே சிறந்தவை. பகலில் வெப்பமும் வறட்சியும் ஏறும்போது இவை இடுக்குகளுக்கும் மண்ணுக்கடிக்கும் இறங்கிவிடுகின்றன. மழையற்ற வாரங்களில் இரவிலும் வெளிவருவது குறைந்துவிடும். அப்போது கசிவுகளையும் நீர் தொடும் விளிம்பையும் தவிர மற்ற இடங்களில் தேடுவது காலவிரயம். நேர்மாறாக, நல்ல மழை நாளில் சிறிய இனங்கள் கரையிலிருந்து வெகுதூரம் பரவி, செடித் தண்டுகளிலும் மரத்தூர்களிலும்கூட ஏறி நிற்கும். விதிக்கு விலக்கு கருவயிற்றுச் சாலமாண்டர். நிழல் மிகுந்த ஓடைகளில் இதைப் பகலிலேயே ஈரப்பாறை மேல் காணலாம், காலடி அதிர்வை உணர்ந்ததும் இடுக்குக்குள் பின்வாங்கிவிடும். பருவத்தில் இளவேனிலும் இலையுதிர் காலத் தொடக்கமும் சிறந்தவை. கோடையில் டெஸ்மோக்னாதஸ் தாய்கள் பாசிக்கும் ஈரமண்ணுக்கும் அடியில் முட்டைக் கொத்தைச் சுற்றி உடலை வளைத்துக்கொண்டு, குஞ்சு பொரியும்வரை காவலிருக்கும். அந்த நேரத்தில் பாசியைப் பெயர்த்துப் பார்ப்பது ஒரு தலைமுறையையே அழிப்பதற்குச் சமம்.

இரவில் நடக்கும் முறையும் விளைவைத் தீர்மானிக்கிறது. ஓடையின் எதிர்த்திசையில், கீழிருந்து மேலாக நடந்தால் கலங்கிய நீர் பின்னால் போய்விடும். முன்னால் இருக்கும் நீர் தெளிவாக இருக்கும். விளக்கைத் தலைக்கு மேலிருந்து கீழே காட்டுவதைவிட, குனிந்து, கரை இடுக்குகளுக்குள் கிடைமட்டமாக ஒளி செல்லுமாறு பார்ப்பது நல்லது. மூக்கும் இரு கண்களும் முதலில் தெரியும். பத்தடி தூரம் நடக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்பவருக்கே அதிகம் தென்படும்.

கண்டது வளர்ந்த உயிர்தானா, எந்த இனம் என்பதை அறியச் சில அடையாளங்கள் போதும். செவுள் குஞ்சம் இருந்தால் அது லார்வா. இந்த ஓடைகளின் நுரையீரலற்ற இனங்களைப் பொறுத்தவரை அவ்வளவுதான். கண்ணிலிருந்து வாயோரம்வரை சாய்வாக இறங்கும் வெளிறிய கோடும், முன்னங்கால்களைவிடத் தெளிவாகத் தடித்த பின்னங்கால்களும் இருந்தால் அது டெஸ்மோக்னாதஸ். இந்தப் பேரினத்துக்கு வாய் திறக்கும் முறையே வேறு: கீழ்த்தாடை ஏறத்தாழ நிலையாக நிற்க, தலையை மேலே தூக்கித்தான் வாயைத் திறக்கும். ஆப்பு போன்ற அந்தத் தலை கல்லுக்கடியில் நெம்பி நுழைவதற்கு உதவுகிறது. வாலைப் பார்த்தால் வாழிடமும் ஓரளவு தெரிந்துவிடும். நீரோடு வாழும் கருவயிற்று, சீல் இனங்களின் வால் பக்கவாட்டில் தட்டையாகி, மேல்விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கும். நிலத்தை நாடும் ஓகோயீ, குள்ள இனங்களின் வால் உருண்டையாக இருக்கும். இரட்டைக்கோட்டு இனத்தின் சில ஆண்களுக்கு இனப்பெருக்கக் காலத்தில் மேலுதட்டிலிருந்து இரு சிறு கொம்புகள் போன்ற தசை நீட்சிகள் தொங்கும். பவளச் சிவப்பு உடலில் கரும்புள்ளிகள் தெறித்த செஞ்சாலமாண்டரும், இளஞ்சிவப்புக் கலந்த ஆரஞ்சு நிற ஊற்றுச் சாலமாண்டரும் ஊற்றுகளின் அருகே கிடைக்கும் பெரிய இனங்கள். பின்னது மற்றச் சாலமாண்டர்களையே பிடித்துத் தின்பதில் பேர்போனது.

ஏமாற்றக்கூடிய இருவரைத் தனியே சொல்ல வேண்டும். ஸ்மோக்கி மலைகளிலும் அவற்றை ஒட்டிய பகுதியிலும் மட்டுமே வாழும் செங்கன்னச் சாலமாண்டர் காட்டுத்தரை உயிர். அதன் கன்னச் சிவப்பு, சுவை கெட்டவன், தின்னாதே என்று பறவைகளுக்கு விடுக்கும் எச்சரிக்கை. அந்தக் கன்னத்தை நகல் எடுத்திருக்கிறது போலிச் சாலமாண்டர் என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு டெஸ்மோக்னாதஸ் இனம். ஓடையோரம் சிவந்த கன்னத்தோடு ஒன்றைக் கண்டால், பின்னங்காலையும் கண்ணோரக் கோட்டையும் பார்க்காமல் பெயர் சொல்லக் கூடாது. இரண்டாவது, காட்டுப்பாதையில் பட்டப்பகலிலேயே நடந்து போகும் எஃப்ட் என்னும் ஆரஞ்சு நிற நியூட், நியூட்டும் சாலமாண்டரில் ஒரு வகையே. நிலத்தில் இருப்பதால் அதை வளர்ந்ததென்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது இளம்பருவம். தோலில் நஞ்சு வைத்திருக்கும் துணிச்சலில் சில ஆண்டுகள் தரையில் உலவிவிட்டு, முதிர்ந்ததும் நிறம் மாறி நீருக்குத் திரும்பிவிடும்.

இனி, கற்களைப் புரட்டுவது பற்றி. சாலமாண்டர் தேடல் என்றாலே கல்லைப் புரட்டுவது என்றொரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஸ்மோக்கி பூங்காவில் ஓடைக் கற்களை நகர்த்துவது விதிமீறல்; அந்த விதி அதிகாரிகளின் அதீத கவலையால் பிறந்ததில்லை. ஒரு தட்டைக்கல்லின் அடியிலுள்ள ஈரமும் இடைவெளியும் பல ஆண்டுகளாக உருவானவை; புரட்டியதைத் திரும்ப வைத்தாலும் அதே பொருத்தம் வாய்ப்பதில்லை, உள்ளே இருந்ததும் நசுங்கக்கூடும். இதில் பெரும் இழப்பு ஹெல்பெண்டருக்கு. 70 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடிய, வட அமெரிக்காவின் இந்த மிகப் பெரிய ஓடைச் சாலமாண்டர், ஆற்றடியில் பெரிய தட்டைப்பாறைகளின் கீழ் வாழ்ந்து, இலையுதிர் காலத் தொடக்கத்தில் அங்கேயே முட்டையிடுகிறது. ஆண் காவல் காக்கிறது. குளிப்பவர்கள் அழகுக்காகக் கல் அடுக்குவதும், நீரைத் தேக்கச் சிறு அணை கட்டுவதும் அதன் கூரையைப் பிடுங்குவதுதான். ஓசார்க் பகுதி ஹெல்பெண்டர் 2011 முதல் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. கிழக்குப் பகுதியினதையும் சேர்க்க 2024 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வனவுயிர்த் துறை முன்மொழிந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் செப்டம்பரில் வந்த ஹெலீன் புயல் வட கரோலைனாவின் மேற்குப் பகுதி ஆறுகளைப் புரட்டிப் போட்டிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் என் கருத்து உறுதியானது: ஆய்வு அனுமதி பெற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் கல் புரட்டும் தேவையே இல்லை. சரியான இரவில் கரையோரமாக நடந்தால், புரட்டிக் கிடைப்பதைவிட அதிகம் தாமாகவே வெளியே இருக்கும். அவை உண்பதையும் சண்டையிடுவதையும்கூடக் காணலாம்.

தொடுவதும் தவிர்க்க வேண்டியதே. பூச்சிவிரட்டி, வெயில் களிம்பு தடவிய கை, மூச்சு விடும் தோலின் மேல் நேரடியாக நஞ்சைப் பூசுகிறது. பிடித்தால் நுரையீரலற்ற பல இனங்கள் வாலை உதறிவிடும். வால் மீண்டும் வளரும் என்றாலும், அதில் சேர்த்து வைத்த கொழுப்பு போய்விடும். காலணி இன்னொரு ஆபத்து. நெதர்லாந்தின் நெருப்புச் சாலமாண்டர்களை ஏறத்தாழத் துடைத்தெறிந்த பிசால் என்ற தோல் பூஞ்சை 2013-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அது வட அமெரிக்காவை எட்டிவிடக் கூடாதென்று 2016-இல் அமெரிக்க அரசு 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. ஓர் ஓடையில் நனைந்த காலணியை நன்கு கழுவி, கிருமி நீக்கி, காயவைக்காமல் அடுத்த ஓடையில் இறங்குபவர், எந்த நோயையும் தாமறியாமலே சுமந்து செல்லக்கூடும். தூண்டில்காரர்கள் ஊற்றுப் பல்லிகளை மீனுக்கு இரையாக வாங்கி, மிஞ்சியவற்றை வேறு நீர்நிலைகளில் விட்டுவிடும் பழக்கமும் இதே வகை ஆபத்துதான்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடை வெறுமையாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அங்கே இரவையும் மழையையும் குறை சொல்வதற்கு முன் சரிவின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். மரங்கள் ஒட்ட வெட்டப்பட்ட சரிவில் நிழல் போய், சருகு காய்ந்து, சேறு ஓடையில் இறங்கி இடுக்குகளை மூடிவிடும். வட கரோலைனாவின் மேற்குப் பகுதித் தேசியக் காடுகளில் மரம் வெட்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 1.4 கோடி சாலமாண்டர்கள் அழிவதாக ஜேம்ஸ் பெட்ராங்காவும் அவர் குழுவினரும் 1993-இல் மதிப்பிட்டார்கள். அந்த எண் மிகையென்று மறுத்தவர்களும், காடு மீண்டும் எவ்வளவு விரைவில் நிரம்பும் என்று வாதிட்டவர்களும் இருந்தனர். எண்ணைப் பற்றிய வழக்கு ஒருபுறமிருக்க, வெட்டிய இடத்தில் இவை மறைகின்றன என்பதில் கருத்துவேறுபாடு குறைவு. பாறையும் காரணமாகலாம்: ஸ்மோக்கி மலைகளின் அனகீஸ்டா வகைப் பாறையில் இரும்புக் கந்தகக் கனிமம் உண்டு, சாலைப் பணிக்காக அது உடைக்கப்பட்டு மழையில் நனைந்தபோது அமிலம் கசிந்து, கீழே ஓடிய ஓடையின் உயிர்களைப் பாதித்தது. 2002-இல் பூங்காவில் கண்டறியப்பட்ட ஒரு சிறு அசுவினிப் பூச்சி, ஓடைகளுக்குக் குடை பிடித்து நின்ற ஹெம்லாக் மரங்களைக் கொன்று வருகிறது. நிழல் விலகினால் நீர் சூடேறும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். தோலால் மூச்சு விடுபவருக்கு அதன் பொருள் உடனே தெரியும். ஓர் ஓடையின் சாலமாண்டர் எண்ணிக்கையை அதன் நலத்தின் அளவுகோலாக ஆய்வாளர்கள் கொள்வது இதனால்தான்.

எனினும் ஓர் இரவின் வெறுமையை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் ப்ரூக் காட்டில் பர்ட்டனும் லைக்கன்சும் 1975-இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்தக் காட்டின் சாலமாண்டர்களின் மொத்த எடை, கூடு கட்டும் பருவத்துப் பறவைகளின் எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அவ்வளவு பெரிய கூட்டத்தை அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் பார்த்ததே இல்லை. எந்த நேரத்திலும் இவற்றின் பெரும்பகுதி மண்ணுக்கும் கல்லுக்கும் அடியில்தான் இருக்கிறது. மேலே வந்து கண்ணில் படுவது அதில் ஒரு சிறு பங்கு. எனவே கவனமாகத் தேடுபவர்கள் ஒரே ஓடையின் ஒரே துண்டுக்கு, வெவ்வேறு இரவுகளில் பலமுறை போகிறார்கள். ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, கடைசியாக மழை பெய்த நாள், கரையிலிருந்து தூரம் ஆகியவற்றைக் கண்ட உயிர்களின் எண்ணிக்கையோடு சேர்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். முதல் இரவில் ஒன்றும் தென்படவில்லை என்றால், குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, அடுத்த மழைக்குக் காத்திருக்கிறார்கள்.